இரண்டு விரல் கம்மல்

சர்க்... சர்க்... இருட்டியதும் கதவுக்கு வெளியே ஏதோ சுரண்டியது. பூனைதான் என்று பிலோமினா சுண்டெலிக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கோ தாழ்ப்பாள் கிடையாது. மூன்று குட்டிகளையும் மூலையில் படுக்கவைத்துவிட்டு, அலமாரிக்கடியில் கிடந்த கைபேசியில் கம்மல் செய்யச் சொல்லித்தரும் வகுப்பைப் போட்டாள்.

"பூனை வந்து நிக்குது, உனக்குக் கம்மல் கேக்குதா?" என்றார் சுவரிலிருந்த சகாயம் பல்லி. "அலங்காரம் பண்ணிக்கிட்டுத்தான் அது வயித்துக்குள்ள போகணுமோ?"

"சும்மா இருங்கண்ணே. கை வேலையா இருந்தா பயம் தெரியாது."

"ரெண்டு விரல் நீளத்துக்குக் கம்பி எடுங்க. ஒரு நுனியைக் காதுக்கு வளைங்க, மறு நுனியை மணிக்கு வளைங்க," என்றார் திரையில் டீச்சர். பிலோமினா திரையில் தெரிந்த டீச்சரின் விரலையே அளந்து, சேர்த்துவைத்திருந்த கம்பியைப் பல்லால் நறுக்கி வளைத்தாள். மாட்டிப் பார்த்தால் கம்மல் தரையைத் தொட்டது.

சகாயம் சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்து விழப் பார்த்தார். "அடியே, டீச்சர் விரல் வேற, உன் விரல் வேற! இதை யானைக்குக் குடு!"

அதற்குள் இடுக்கில் ஒரு நகம் நுழைந்து கதவை வெளியே இழுத்தது. "அம்மா!" என்று அலறியது கடைசிக் குட்டி. பிலோமினா பாய்ந்தாள். காதிலிருந்ததை உருவி, ஒரு வளைவைக் கதவின் மேல் ஓட்டையிலும் மறு வளைவைப் பக்கத்துச் சுவரின் மேல் ஆணியிலும் மாட்டினாள். மேல்பக்கம் நின்றுவிட்டது, கீழ்ப்பக்கம் இன்னும் ஆடியது.

சகாயத்துக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ஒத்தைக் கம்மல் எங்கேயாவது உண்டாம்மா? இன்னொண்ணும் பண்ணேன்!"

அதே டீச்சரின் அதே இரண்டு விரலை அளந்து, இன்னொன்றும் வளைத்து, கீழ் ஓட்டையிலும் கீழ் ஆணியிலும் மாட்டி, ஒருவழியாக உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டாள் பிலோமினா.