குளிக்காத மாப்பிள்ளை

“ஒண்ணு அந்த நாத்தம் பிடிச்சவன் இந்த வீட்டுல இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்!” என்று விடுதிக்காரி டோன்யா லெயோகாடியா போட்ட கூச்சலில் சான் லாசரோ தெருவே ஜன்னலைத் திறந்துகொண்டது.

“கத்தாதம்மா. ஓய்வெடுக்க வந்த மனுஷன், தூங்கறாரு” என்றாள் மகள் நில்டா.

“என்னடி ஓய்வு? சூக்ரேயில ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னு மூட்டையோட வந்தான். அன்னிக்குத் தூளியில விழுந்தவன் இன்னும் எந்திரிக்கல. நம்ம விடுதியா, அவன் மாமியார் வீடா?”

முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் கட்டிய தூளியில் ஹாலந்துக்காரன் யோஸ்ட் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக் கிடந்தான். அந்தக் கால்விரல் இடுக்கைப் பார்த்துப் பார்த்து மூன்று வாரமாக லெயோகாடியாவுக்கு சூப்பு தொண்டையில் இறங்கவில்லை.

பாவம், அவளையும் குறை சொல்ல முடியாது. கழற்றிய காலுறையை முகர்ந்து பார்த்து, ‘இன்னும் தாங்கும்’ என்று திரும்ப மாட்டிக்கொள்கிறவன் அவன். கறியடைத்த சால்தேன்யாப் பலகாரத்தைக் கடிக்கும்போது தாடியில் ஒழுகிய சாறு மறுநாள் வரை அங்கேயே காயும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கால்நகம் வெட்டுவான். ஒரு துண்டு பறந்து போய் வெண்ணெய்க் கிண்ணத்தில் குத்திட்டு நின்றதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். மற்ற வெள்ளைக்கார கிரிங்கோக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த விடுதிக்கு ஓடிவிட்டார்கள்.

நாற்றம்கூடப் போகட்டும். அவளுடைய பெரிய கவலை வேறு. நில்டா தினமும் அந்தத் தூளியருகில் நாற்காலி போட்டு அவனுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தாள். பாடம் பாதி, சிரிப்பு பாதி. கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு, தாலியும் கட்டாமல் அர்ஜென்டினாவுக்கு ஓடினவன் ஒருத்தன் போதாதா இவளுக்கு?

லெயோகாடியா தூளியை ஓர் ஆட்டு ஆட்டினாள். “டேய், வெந்நீர் இருக்கு, சோப்பு இருக்கு. எந்திரிச்சுப் போய்க் குளிடா!”

யோஸ்ட் தலையைத் தூக்கி நில்டாவைப் பார்த்தான். நில்டா கண்ணை மூடித் திறந்தாள். அவன் மறுபடி படுத்துக்கொண்டான்.

“பாரு, பாரு, கண்ணாலயே பேசிக்குதுங்க! இதையாடி கட்டிக்கப் போற?”

“கட்டிக்கிட்டா என்ன? செவெரோவத்தான் நீ வேண்டாம்னுட்டியே.”

“அந்த சோரிசோ கடைக்காரனையா? நாள் முழுக்கப் பன்னிக்குடலைக் கழுவி, அதுல கறி அடைக்கிற கை. வாசல்ல வந்து நின்னாலே பூண்டும் குடலும் வீசுது.”

“இவருகிட்டப் பூண்டு வீசாதும்மா” என்றாள் நில்டா.

கூச்சல் பலிக்கவில்லை என்றால் சும்மா விடுகிற பெண்பிள்ளையா லெயோகாடியா? நில்டாவின் குழந்தை, பேத்தி இல்லாரிக்குப் பிறந்ததிலிருந்து முடியில் கத்தரி பட்டதில்லை. முடியிறக்கும் சடங்கில் முதல் கற்றையை வெட்டுகிறவன் குழந்தைக்கு ஞானத்தகப்பன். அந்தக் கணம் முதல் குழந்தையைப் பெற்றவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொமாத்ரே. கொம்பாத்ரேயும் கொமாத்ரேயும் கூடப்பிறந்தவர்களுக்கு மேல். அவர்கள் கல்யாணம் கட்டினால் செத்த பிறகும் பேயாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு மலைமலையாக அலைய வேண்டியதுதான். பாதிரியார் மன்னித்தாலும் தெரு மன்னிக்காது.

ஞாயிற்றுக்கிழமை தெருவையே கூப்பிட்டுச் சோளக்கள்ளான சிச்சா ஊற்றி, முதல் கற்றை வெட்டும் கத்தரியை யோஸ்டின் கையில் கொடுத்தாள். பின்னலுக்கொரு ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்த குழந்தையின் தலைமேல் யோஸ்டின் கறுத்த நகங்கள் இறங்கியபோது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு குவளை சிச்சாவை ஒரே மூச்சில் விழுங்கி அதை உள்ளே தள்ளினாள். கத்தரி ‘க்ரிச்’ என்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

உறவாகிவிட்டவனைக் கட்டித் தழுவாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு தழுவினாள். பிடித்த மூச்சு பாதியில் தீர்ந்துபோனதுதான் கொடுமை. ஈர நாயும் பழைய பாலாடைக்கட்டியும் ஒரே சாக்கில் செத்துக் கிடந்த மாதிரி ஒரு வாடை.

கண்ணில் நீர் முட்ட விலகி வந்து மகளிடம் சொன்னாள்: “முடிஞ்சுது! இனிமே இவன் உனக்கு கொம்பாத்ரே. மனசுல வேற ஏதாவது இருந்தா இப்பவே துடைச்சுப் போட்டுடு.”

நில்டா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. தாய் மனசு தாங்குமா?

“அழாதடி, என் கண்ணு. குளிக்கிறவனா ஒருத்தனைக் காட்டு, நாளைக்கே கட்டி வைக்கிறேன். குவாதலூப்பே மாதா மேல சத்தியம்!”

சிச்சா குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

“செவெரோ தினமும் குளிக்கிறாரும்மா” என்றாள் நில்டா, முகத்திலிருந்து கையை எடுக்காமலே.

லெயோகாடியா யோசித்துப் பார்த்தாள். இப்போதுதான் யோஸ்டைத் தழுவிவிட்டு வந்த மூக்கு. பூண்டும் குடலும் நினைப்பிலேயே சாம்பிராணியாக மணத்தன.

மழைக்காலம் பிறப்பதற்குள் கல்யாணம் நடந்தது. செவெரோ தாரிஹாவில் புதுக்கடை போட, நில்டாவும் குழந்தையும் அவனோடு குடிபெயர்ந்தார்கள். வழியனுப்ப பஸ் நிலையத்துக்கு வந்த லெயோகாடியா, கூட வந்த யோஸ்டிடமிருந்து காற்று வராத பக்கமாகப் பார்த்து நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மகளிடமிருந்து கிரிங்கோவைக் கழற்றிவிட்டோம் என்ற நிம்மதியும் அந்த அழுகையில் கலந்திருந்தது.

பஸ் நகரத் தொடங்கியது. யோஸ்ட் கூடவே ஓடி, நில்டாவின் ஜன்னலைத் தட்டி, அவள் சொல்லிக்கொடுத்த ஸ்பானிஷில் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்:

“கொமாத்ரே, இப்பவாவது நான் குளிக்கலாமா?”