அரைத் தாடை விலங்கு

பல கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன அந்தக் குளம்பு விலங்கு மண்ணில் விட்டுச்சென்றவை அரைத் தாடையும் ஒரு குளம்பும் மட்டுமே. மீதி உடலை அறிஞர்கள் ஊகித்து, பூங்காவில் ஒன்றைப் பிறக்கவைத்திருந்தார்கள். அதற்குப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தவர் பராமரிப்பாளர் செங்கமலம். பால் குடிக்கும்போதெல்லாம் அது தன் நீண்ட காதை அவருடைய தோளில் போட்டுக்கொள்ளும்.

புதிதாக வந்த ஆய்வு, காது அத்தனை நீளமாக இருந்திருக்காது என்றது.

"கோவிச்சுக்காதீங்கம்மா, அது தப்பான மிருகம். பார்க்க வர்றவங்களை நாம ஏமாத்தலாமா?" என்றார் இயக்குநர் ஞானப்பிரகாசம், மிகுந்த பணிவோடு.

"காதுதானே சார் தப்பு? ஒரு குல்லா மாட்டி விட்டுடறேன்."

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் காலையில் கொட்டடி காலியாக இருந்தது.

மதியம் உணவகத்தில் அவரே செங்கமலத்தை அழைத்து எதிரில் உட்காரவைத்தார். மேசையில் கால் பாயாவிலிருந்து ஆவி பறந்தது.

"மத்தது எப்படியோ, குளம்பை மட்டும் நாம சரியாத்தான் செஞ்சிருந்தோம். ஒரு வாய் சாப்பிடுங்கம்மா" என்று எலும்பை உறிஞ்சினார். கொழுப்பு அவர் மோவாயில் வழிந்தது.

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டடிக்கு ஓடி, சுவரோரம் வாந்தி எடுத்தார்.

நிமிர்ந்தபோது, அன்றுதான் கொண்டுவந்திருந்த குட்டைக்காதுக் கன்று அவருடைய சேலையில் பால்வாடை பிடித்து முட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த இயக்குநர் விரல்களை நக்கியபடி, "எப்படியிருக்கு புதுசு?" என்றார்.

செங்கமலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதுல எது சார் தப்பு? இப்பவே சொல்லிடுங்க. அந்த இடத்தைத் தொடாம வளர்க்கறேன்."