கண்ணாக இருந்த ஜன்னல்

ஒளித்திருவிழாவன்று தூத்துக்குடியே ஒரு படமாகிவிடும். கடலோர மாடிவீடுகளின் விளக்குகளையெல்லாம் விழாக்குழு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு புள்ளியாக்கிப் படம் வரையும். வீட்டிலிருப்பவர்கள் ஜன்னலோரம் போகக் கூடாது. புள்ளி மறைந்தால் மறுவருடப் படத்தில் அந்த வீடு கிடையாது.

இந்த வருடம் ரெக்சலினின் வீட்டு ஜன்னல்தான் மீனின் கண். தெருவெல்லாம் சொல்லியாயிற்று. படத்தைக் கடலிலிருந்து பார்க்க, குலுக்கலில் கிடைத்த ஒரே சீட்டில் துறைமுகப் படகேறி வந்தவள், அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அணைந்தது. எரிந்தது. மறுபடியும் அணைந்தது.

வீட்டிலிருந்த கணவன் தஸ்நேவிஸைப் போனில் பிடித்தாள்.

"ஜன்னல்ல என்ன செய்றிய?"

"ஒன் படகு எதுன்னு பாத்தேம்ளா. நீ எந்தப் பக்கம் நிக்க?"

"காரியத்தக் கெடுத்தியளே. அங்கிட்டுப் போங்க."

அதற்குள் படகே சிரிப்பில் ஆடியது. "மீனு கண்ணடிக்குடே," என்றார் படகோட்டி. இதுவும் விழாவில் சேர்த்தி என்று எண்ணி எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் பதிலுக்குக் கண்ணடித்தார்.

ரெக்சலின் போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, போவாதிய. இன்னொரு தடவ வந்து பாருங்க. எடது பக்கம் கைய ஆட்டிக்கிட்டு நிக்கது நாந்தான்."