ஒரு நாள் ஏழைச் சபை

மழை நேராக இங்வாரின் வழுக்கைத் தலையில்தான் இறங்கியது. சுவீடனிலிருந்து வந்திருந்த அந்தப் பெரியவர் பாட்டுப் புத்தகத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு, பாடலை விடாமல் பாடினார்.

போதகர் எலிசேயோ பதறிப்போய் அவருடைய நாற்காலியை நகர்த்தினார். நகர்த்திய இடத்தில் இன்னும் நன்றாக ஒழுகியது. காலையில் ஏணி வைத்து ஏறிக் கூரைத் தகரத்தைக் கழற்றியவரே அவர்தான். மூலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் போதும் என்பது அவர் போட்ட திட்டம். கோபான் என்ற அந்த மலையூரின் மழையிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

எல்லாம் மகள் நொயெமிக்காகத்தான். மிஷனரிப் பயிற்சியை முடித்துவிட்டு, வெளிநாட்டில் தன்னை ஏற்றுக்கொள்ள ஒரு சபை கிடைக்காதா என்று அவள் காத்திருந்தாள். துணி மூட்டை கட்டியபடியே கிடந்தது. ஒரு வெளிநாட்டுச் சபையோடு உறவு வைத்துக்கொண்டால் போதும், பிறகு பேச்சோடு பேச்சாக மகள் விஷயத்தை நுழைத்துவிடலாம் என்று எலிசேயோ நினைத்தார்.

போன வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்தபோது வான்கோழிக் குழம்பு வைத்து, டிரம்ஸ் அடித்து, வாலிபர்களை ஆட்டம் பாட்டமாகப் பாடவிட்டு அசத்தினார். ஆண்டவர் உங்களை நன்றாக ஆசீர்வதித்திருக்கிறார் என்று அவர்கள் கைகுலுக்கிவிட்டு, எதிர்க்குன்றில் துருப்பிடித்த கூரையோடு நின்ற அர்னுல்ஃபோவின் சபையைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். இப்போது அர்னுல்ஃபோவின் சபைக்கு ஓட்டுக் கூரை. ஞாயிறுதோறும் அது இந்தப் பக்கம் பார்த்துப் பளபளத்தது.

அந்தப் பாடத்தை எலிசேயோ மறக்கவில்லை. டிரம்ஸ் அவருடைய கட்டிலுக்கடியில் போனது. வான்கோழிக்கு ஆயுள் நீண்டது. வாலிபர்கள் அத்தனை பேரையும் நொயெமியின் தலைமையில் பக்கத்து ஊர் ஜெபக்கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார். இருமுகிறவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் மட்டும் சபையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டி ஏறும்போது மகள் கேட்டிருந்தாள். “ஏம்ப்பா, நம்ம சபையைப் பார்த்தா அவங்களுக்கு அழுகை வரணுமா, ஆசை வரணுமா?”

“முதல்ல அழட்டும். ஆசையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.”

ஆராதனை முடிந்ததும் எலிசேயோவைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்க முடியவில்லை. கையில் வாளியோடு சுற்றிச் சுற்றி வந்து, கூரையைக் காட்டிப் பெருமூச்சு விட்டார். சுவீடன்காரர்கள் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்வாரின் மனைவி பிர்கித்தாவுக்குத் தெளிவான ஸ்பானிஷ் வந்தது. அவர் கேட்டதெல்லாம் வேறு. இங்கே வாலிபர்கள் உண்டா, பிரசங்கம் செய்யப் பழகியவர் வேறு யாராவது இருக்கிறாரா, இந்த மலைக்காரர்கள் குளிர் தாங்குவார்களா.

போர்வை அனுப்பப் போகிறார்கள் என்று எலிசேயோவுக்குத் தோன்றிவிட்டது. வாலிபர்கள் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போய்விட்டதாகவும், பிரசங்கத்துக்குத் தன்னை விட்டால் நாதியில்லை என்றும், குளிரென்றால் எல்லோரும் சுருண்டு படுத்துவிடுவார்கள் என்றும் அளந்தார்.

அவருடைய மனைவி ஃப்ளோரிந்தா அவரைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், “நல்லா நடிக்கிறீங்க. உங்களையே யாராவது தத்தெடுத்துக்கிட்டுப் போகட்டும், எனக்கும் நிம்மதி” என்றாள்.

அவர் திரும்பி வந்தபோது பிர்கித்தா கணவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இங்வார் ஈரத் தலையை மெல்ல ஆட்டினார். இருவர் முகத்திலும் வருத்தம். எலிசேயோவுக்கு உள்ளுக்குள் தித்தித்தது.

ஆனால் அவர்கள் எழுந்து ஜெபித்து, நன்றி சொல்லி, ஜீப்பில் ஏறிவிட்டார்கள். உறவு என்றோ உதவி என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. எங்கே போகிறீர்கள் என்றதற்கு, ஓட்டுநர் எதிர்க்குன்றைக் காட்டினார்.

எலிசேயோ ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நடிப்பெல்லாம் மழையோடு கரைந்துவிட்டது. அந்தச் சபைக்கு ஏற்கெனவே எல்லாம் இருக்கிறதே என்றார். முடிவை எழுதிப் போடுகிறோம் என்று பிர்கித்தா மழுப்பினார்.

“அம்மா, சுத்தி வளைக்காம சொல்லிடுங்க. எங்க கஷ்டம் போதாதா உங்களுக்கு? எங்ககிட்ட என்னதான் குறை?”

பிர்கித்தா கணவரைப் பார்த்தார். பிறகு, கதவைப் பிடித்திருந்த எலிசேயோவின் கையின் மேல் தன் கையை வைத்தார்.

“உங்க கஷ்டத்தைப் பார்த்ததும் கேட்க வாய் வரல, பாஸ்டர். எங்க சபையில எங்களை மாதிரி கிழங்கட்டைங்கதான் பாக்கி. வசனம் சொல்ல ஆளில்லாம கோயிலைப் பூட்டுற நிலைமை.”

ஜீப் உறுமத் தொடங்கியது.

“நாங்க மிஷனரி கேட்டு வந்தவங்க.”