கத்திக்குக் காவல்

கிடங்குப் பாதுகாப்பு அதிகாரியாக ஓய்வு பெற்ற வீரராகவன், பவானிபூர் வீட்டு அலமாரியில் மூன்று வருடமாக ஒரு கத்தியைக் காவல் காத்துவந்தார். நார்வே போனபோது, சாமி என்ற பழங்குடியைச் சேர்ந்த நில்ஸ் என்ற கைவினைஞரிடம் வாங்கியது. கலைமான் கொம்பில் பிடி. அந்தப் பிடியிலும் பாதியை விழுங்கிவிடும் தோலுறை. காலையும் மாலையும் அது இருந்த இடத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

மனைவி அமலா தொடவே கூடாது. "இது கலைப்பொருள். உன் கத்திரிக்காய்க்கு இல்லை!"

அன்று நில்ஸோடு வீடியோவில் பேசினார். "உங்கள் கத்தியை ஒரு நாள்கூட உறையைவிட்டு எடுத்ததில்லை" என்று ஆங்கிலத்தில் பெருமையடித்தார்.

நில்ஸின் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு மோசமாகவா செய்துவிட்டேன்? எங்கள் ஊரில் கத்தி என்றால் தினமும் உழைக்க வேண்டும்."

வீரராகவனுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "சேச்சே, அருமையான கத்தி! பாருங்கள்" என்று உருவிக் காட்டினார்.

நில்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். "நன்றாக விளையாடுகிறீர்கள்! உறைக்குள் இருந்த பாதிப் பிடி மஞ்சள் ஏறி, பெருவிரல் பட்ட இடம் வழவழவென்று இருக்கிறதே! ஆமாம், நீங்கள் இடது கைக்காரரா?"

வீரராகவன் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே இடது கையில் கரண்டியோடு அமலா நின்றிருந்தாள்.

"பேசி முடிச்சாச்சுன்னா அதைக் கொண்டாங்கோ. கறிக்குப் பலாமூசு நறுக்கணும்."

கொண்டுபோய்க் கொடுத்தார். முப்பது வருடம் கிடங்கிலும் வெறும் பூட்டைத்தான் காத்தோமோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.