ஒரு தொடருக்குத்தான் இடம்

"அனுப்பாதீங்க டீச்சரே!" சஜன் பாய்ந்து வந்து லேப்டாப்பை மூடப் பார்த்தார்.

விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சுகிர்தபாய் அவர் கையைத் தட்டிவிட்டார். "கைய எடு மக்கா. அஞ்சு மணிக்குள்ள எடிட்டருக்குக் கிட்டணும்."

"வாரப் பத்திரிகையில ஒரு விஞ்ஞானத் தொடருக்குத்தான் இடம் உண்டு. இந்தப் புதுத் தொடர் வந்தா உங்க தொடரை நிறுத்திருவாங்க. காரக்கோணத்துல உங்களுக்கு மதிப்பே அந்தத் தொடராலயாக்கும்!"

"என் எழுத்து வகுப்புல யாரு என்னைவிட நல்லா எழுதுதான்னு எடிட்டர் கேட்டாரு. கள்ளம் சொல்லச் சொல்லுதியா?"

"முதல் அத்தியாயத்தையாவது கொஞ்சம் கெடுத்து அனுப்புங்க."

"நான் கெடுக்கவா? செவ்வாய் கிரகத்துல மீன் சந்தை வைக்க எனக்கு இத்தன காலம் தோணல்லியே!"

"எழுதின ஆளுக்கு இப்ப என்ன அவசரம்? காத்திருக்கட்டும். நீங்க தொடர் இல்லாம என்ன செய்வீங்க?"

"வகுப்பு உண்டுல்லா."

சுகிர்தபாய் பட்டனை அமுக்கினார். மெயில் போய்விட்டது. சஜன் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"வாரம் ஒரு அத்தியாயம் குடுக்கணும்," என்றார் சுகிர்தபாய். "அடுத்ததை எப்போ எழுதித் தருவ, சஜனே?"