பொம்மை மூட்டை

பஸ் நின்றதும் வேடியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பொம்மை கொண்டாற டீச்சரம்மா நீங்கதானுங்களே? ஹோமுக்கு நான் கூட வர்றேன்."

பஸ்ஸின் கூரையிலிருந்து இறக்கிய கோணி மூட்டையைக் கூலி பேசாமலே தலையில் ஏற்றிக்கொண்டார்.

ரஞ்சிதத்துக்கு நிம்மதியாக இருந்தது. புளி உலுக்குகிற மாதம், சுமைக்கு ஆள் கிடைக்காது என்று திருப்பத்தூரிலேயே கண்டக்டர் சொல்லியிருந்தார். இங்கிருந்து மேலே நடைதான்.

மூட்டைக்குள் இருந்ததெல்லாம் அவள் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. ரப்பர் பந்து, சொப்புச் சாமான், ஊதல், அமுக்கினால் டக் டக் என்கிற தகரத் தவளை. சில புதிது, பல பழையது.

வேடியப்பன் ஏற்றத்தில் பேசாமல் நடந்தார். ஓடையைத் தாண்டும்போது மட்டும் கேட்டார்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னா இருக்குதுங்க இதுல?"

"கண்ணு மூடற பொம்மை ஒண்ணு இருக்கு. படுக்க வச்சா தூங்கும்."

"அப்படிங்களா," என்றார்.

ஹோம் என்பது ஓடு வேய்ந்த நீளமான ஒரே கட்டடம். பிள்ளைகள் முன்வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்ததால் கிட்டே போனால்தான் பெண்ணா பையனா என்று தெரிந்தது.

"அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லாததுங்க டீச்சர்," என்றாள் வார்டன் சாந்தம்மாள். "ஒருத்தர் உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவோம். இருக்கற அரிசிக்கு வேற வழியில்ல. போன வருஷம் மழை இல்லாதப்போ ஊரே கொண்டாந்து விடப் பாத்துது."

முதலில் வந்த பையன் ரஞ்சிதத்தின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து மிரண்டு நின்றான். அடுத்தவனும் கை நீட்டவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, சுவரோரம் உட்கார்ந்திருந்த வேடியப்பனைக் கூப்பிட்டாள்.

"நீங்களே எடுத்துக் குடுங்க. உங்களப் பாத்தா பயப்படாதுங்க."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. துண்டில் இரண்டு கைகளையும் துடைத்தார். பிறகு வந்து மூட்டைக்குப் பக்கத்தில் குந்தினார்.

கைக்கு வந்ததை வந்த வரிசையில் கொடுத்தார். வாங்கிய பிள்ளைகள் எல்லாம், சொல்லிக்கொடுத்தபடி, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடின.

கண் மூடும் பொம்மை கையில் வந்தபோது எதிரே ஒரு நெட்டைப் பெண் நின்றிருந்தாள். அவர் பொம்மையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அவளிடமே கொடுத்தார்.

அவளுக்கு அடுத்து நின்றது செல்லி. ஏழு வயது இருக்கலாம். அவளுக்குச் சக்கரம் போன ஒரு லாரி வந்தது.

"ரொம்ப நன்றிங்க ஐயா," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

வரிசை முடிகிற நேரம். கடைசிப் பையனுக்குப் பின்னால் செல்லி மறுபடியும் வந்து நின்றாள். லாரியை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தாள்.

"ஏய் செல்லி, நீ வாங்கினவதானே?" என்று சாந்தம்மாள் அதட்டினாள். பிள்ளைகள் சிரித்தன.

ரஞ்சிதம் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினாள். "கிடைச்சத வச்சு சந்தோஷமா இருக்கணும் கண்ணு. அடுத்தவங்க பொம்மைக்கு ஆசைப்படக் கூடாது."

செல்லி நகரவில்லை.

வேடியப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலிக் கோணியை உதறி மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

சாந்தம்மாள் தோளைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் அந்தப் பெண் உள்ளே போனாள்.

கீழே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பேச்சுக்காகத்தான் ரஞ்சிதம் கேட்டாள், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று.

"ஒரு பொண்ணுங்க."

"வீட்டுல யார் பாத்துக்கறாங்க?"

வேடியப்பன் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்ல இல்லீங்க. அவங்கம்மா செத்தப்புறம் கஞ்சிக்கே வழி இல்லாம பூட்ச்சு. அப்பனும் இல்லன்னு பக்கத்து வூட்டுக்காரன வுட்டுச் சொல்ல வச்சு ஹோமுல சேத்துட்டேன். எங்க பாத்தாலும் அப்பான்னு கூப்புடாதன்னு அதுகிட்ட சொல்லி அனுப்பினேன்."

ரஞ்சிதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வருசமா பாக்கல," என்றார் அவர். "இப்ப கொஞ்சம் சத புடிச்சிருக்குது."

பஸ் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் வேடியப்பன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்து, ரஞ்சிதம் தலையை வெளியே நீட்டிக் குனிந்தாள்.

"அடுத்த தபா எப்ப வருவீங்க டீச்சரம்மா? மூட்டைய வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."